பயணத்தில் உணவகம் யாருக்காக?

வெளிநாட்டுப் பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாகும் குடும்பங்கள் விமானச் சீட்டின் விலையை ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கவனித்து வருகின்றன. விடுதி அறையைப் பதிவு செய்வதற்கு முன்னர் இருபது பேரின் அபிப்பிராயங்களை வாசிக்கின்றன. ஆனால் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி மட்டும், பசி வந்த பின்னர், வெய்யிலில் நடைபாதையில் நின்றபடி தீர்மானிக்கப்படுகிறது. பயணங்களில் உண்டாகும் மனக்கசப்புகளில் கணிசமானவை அந்த நடைபாதையிலேயே ஆரம்பமாகின்றன என்பது எனது அவதானம்.

இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை இதனைச் சிறிய விடயம் என ஒதுக்கிவிட முடியாது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் எமது குடும்பங்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி எனச் சிதறின. ஊருக்குத் திரும்பி வர இயலாதிருந்தவர்கள் மூன்றாவது நாடொன்றில் பெற்றோரைச் சந்திக்கும் வழக்கம் போர்க்காலத்தில் உருவானது. 2009இல் போர் முடிந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாக நின்றுவிடவில்லை. சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகியவை இவ்வாறான சந்திப்புகளுக்கு ஏற்ற நகரங்களாக இருந்து வருகின்றன. இவற்றுள் சிங்கப்பூருக்குச் சில வசதிகள் உண்டு. கொழும்பிலிருந்து ஏறத்தாழ நான்கு மணிநேர விமானப் பயணம். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் குறுகிய கால வருகைக்கு முன்கூட்டியே விசா பெறவேண்டியதில்லை. அங்கு தமிழ் நான்கு அரசகரும மொழிகளுள் ஒன்று.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் பத்து நாட்களுக்கு ஒன்றுகூடும் ஒரு குடும்பத்தில், எல்லோரும் ஒருசேர அமர்ந்து முகம் பார்த்துப் பேசும் நேரம் எதுவெனக் கணக்கிட்டுப் பாருங்கள். பகலில் ஊர் சுற்றல், கடைத்தெரு, பிள்ளைகளின் கைத்தொலைபேசி, முதியவர்களின் உறக்கம் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுவது சாப்பாட்டு வேளைதான். அந்த வேளையை யாருடைய வசதிக்காக ஒழுங்கு செய்கிறோம் என்பதே இக்கட்டுரையின் விடயம். மிகக் குறைந்த தெரிவுகளை உடைய நபரிலிருந்து ஆரம்பித்தே உணவகம் தெரிவு செய்யப்பட வேண்டும் என்பது எனது வாதம். நடைமுறையில் நாம் இதற்கு நேர்மாறாகவே செய்து வருகிறோம்.

யார் இந்த 'அடம்பிடிப்பவர்கள்'?

சாப்பாட்டு மேசையில் சிரமம் தருபவர்கள் என நாம் அலுத்துக்கொள்ளும் மனிதர்கள் ஒரே வகையினர் அல்லர். அவர்களை மூன்று பிரிவினராக வகுக்கலாம்.

முதலாவது பிரிவினர் நம்பிக்கை காரணமாகச் சிலவற்றைத் தவிர்ப்பவர்கள். முற்றாக மரக்கறி உண்பவர்கள், வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடாதவர்கள், கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள், வீட்டில் ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் முடியாதவர்கள், ஹலால் அல்லாததை உண்ணாத நண்பர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். இரண்டாவது பிரிவினர் உடல்நிலை காரணமாகத் தவிர்ப்பவர்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஒவ்வாமை, பல் இன்மை ஆகியவை இவர்களின் காரணங்கள். மூன்றாவது பிரிவினர் வேறு எந்தக் காரணமும் இன்றி, பிடிக்கவில்லை என்பதனாலேயே மறுப்பவர்கள். பெரும்பாலும் இவர்கள் பிள்ளைகள். முதல் இரு பிரிவினருக்கும் நாம் ஓரளவு மரியாதை கொடுக்கிறோம். மூன்றாவது பிரிவினரைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்டவர்கள் என்று தீர்ப்பளித்துவிடுகிறோம்.

இத்தீர்ப்பு அவசரமானது என்பதற்கு ஆய்வுகளின் ஆதாரம் உண்டு. புதிய உணவைக் கண்டு அஞ்சி விலகும் இயல்பு, குழந்தை நடமாடத் தொடங்கும் வயதை அண்டித் தலைதூக்கி, பள்ளிப் பருவத்தின் ஆரம்பம் வரை வலுவாக இருப்பது வழமை. கண்டதை எல்லாம் வாயிலிடும் குழந்தை நஞ்சையும் உண்ணக்கூடும் என்பதால், மனித இனத்துக்கு இந்த அச்சம் ஒருகாலத்தில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம் என்பர். 2007ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இரட்டைக் குழந்தைகளிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று, புதிய உணவு மீதான அச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 78 சதவீதம் மரபணு சார்ந்தது என மதிப்பிட்டது. அதாவது, பேரப்பிள்ளை கத்தரிக்காயைத் தள்ளி வைக்கும்போது, வளர்ப்பைக் குறை கூறுபவர்கள் தமது பரம்பரையையும் ஒருதரம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

கைப்புச் சுவையை எல்லோரும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். 1931இல் ஆதர் ஃபொக்ஸ் என்ற அமெரிக்க இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தபோது, அருகில் நின்றவர் வாயில் கடுங்கைப்பை உணர்ந்தார். ஃபொக்ஸ் எதையும் உணரவில்லை. இதற்குக் காரணமான மரபணு பின்னர் அடையாளம் காணப்பட்டது. பாகற்காய் தந்தைக்கு அமிர்தமாகவும் மகனுக்கு மருந்தாகவும் இருப்பதற்கு, இருவரின் நாக்குகளும் வேறுபட்டவை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னும் கடுமையான நிலையும் உண்டு. மிகச் சில உணவுகளை மாத்திரமே உண்டு, அதனால் உடல் பாதிக்கப்படும் அளவுக்குச் செல்லும் நிலையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் தனியொரு நோய்நிலையாக வகைப்படுத்தியது. இவ்வாறான பிள்ளையை ஓர் உணவகத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதட்டுவதால் எவ்விதப் பயனும் இல்லை.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சொதியையும் பிட்டையும் மறுக்கும் பிள்ளை, தமிழையே மறுப்பதாகப் பெரியவர்கள் சிலர் கருதுகிறார்கள். ரொறன்ரோவில் பிறந்து, பள்ளி உணவுச்சாலையில் உண்டு வளர்ந்த பிள்ளைக்குப் பழக்கமானது அங்குள்ள உணவே. அதே பிள்ளை அப்பம்மாவுடன் தமிழில் பேச முயலக்கூடும். அவரது பழைய கதைகளைக் கேட்க விரும்பவும் கூடும். தட்டில் உள்ளதை வைத்து அப்பிள்ளையின் அடையாளத்தை அளப்பது அநீதியானது.

மூன்று தவறான வழிகள்

எமது குடும்பங்கள் பொதுவாக மூன்று வழிகளில் உணவகத்தைத் தெரிவு செய்கின்றன.

முதல் வழி, புகழைப் பின்தொடர்வது. குடும்பத்தில் உணவார்வம் மிக்க ஒருவர் இருப்பார். அவர் இணையத்தில் தேடி, 'கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து இடங்கள்' என்ற பட்டியலுடன் வருவார். 2016இல் மிச்செலின் வழிகாட்டி நூல் சிங்கப்பூருக்கு முதன்முறையாக வெளியானபோது, அங்காடிக் கடைகள் இரண்டுக்குத் தலா ஒரு நட்சத்திரம் வழங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, அப்போது ஏறக்குறைய இரண்டு வெள்ளிக்குச் சோயாக் கோழிச் சோறு விற்ற கடை. (சிங்கப்பூர்த் தமிழர் டொலரை வெள்ளி என்றே அழைப்பர்.) உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து அங்கு வரிசையில் நின்றனர். 2021இல் அந்த நட்சத்திரம் கைவிட்டுப் போயிற்று. நட்சத்திரம் வரும், போகும். எழுபத்தெட்டு வயது மூதாட்டியையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் ஒரு மணிநேரம் வரிசையில் நிறுத்தி வைப்பதற்கு அது தகுந்த நியாயம் ஆகாது.

இரண்டாவது வழி, பாதுகாப்பைப் பின்தொடர்வது. எந்த நகரத்துக்குச் சென்றாலும் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையைத் தேடி, மூன்று வேளையும் அங்கேயே உண்பது. இதில் முதியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இளையவர்கள் நான்காம் நாளில் சலிப்படைகிறார்கள். புதிய நகரத்தை அறிந்துகொள்ளும் வாய்ப்பும் குறைந்துபோகிறது.

மூன்றாவது வழிதான் எம்மவர் மத்தியில் மிகப் பரவலானது. மிகவும் மோசமானதும் அதுவே. சிரமம் உள்ளவர் 'சமாளித்துக்கொள்வார்' என்று எல்லோரும் எண்ணிக்கொள்வதையே குறிப்பிடுகிறேன்.

எனக்கு நன்கு தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தாய் வடமராட்சியிலிருந்து வந்திருந்தார். மகன் கனடாவிலிருந்து மனைவி பிள்ளைகளுடனும், மகள் நோர்வேயிலிருந்தும் வந்திருந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்த சந்திப்பு. முதல்நாள் இரவு மகன் அம்மாவைப் பெருமைப்படுத்த எண்ணி, ஆற்றங்கரையில் உள்ள பெயர்பெற்ற கடலுணவு உணவகம் ஒன்றுக்கு எல்லோரையும் அழைத்துச் சென்றார். அம்மா கணவனை இழந்த நாளிலிருந்து மரக்கறி மட்டுமே உண்பவர் என்பது மகனுக்குத் தெரியாததன்று. "அவர்கள் ஏதாவது மரக்கறி செய்து தருவார்கள்" என்று எண்ணிவிட்டார். பணியாளர் வெள்ளைச் சோறும் கீரையும் கொண்டுவந்து வைத்தார். கீரையில் கூனி இறாலின் மணம் அடித்தது. அம்மா சோற்றில் சிறிது உப்பைத் தூவி உண்டார். அதற்கடுத்த நாட்களில் எங்கே அழைத்தாலும், "எனக்குப் பசியில்லை, நீங்கள் போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ பிள்ளையள்" என்றே சொன்னார். நான்காம் நாள் மகள் அறையைத் துப்புரவு செய்தபோது, ஊரிலிருந்து கொண்டுவந்த மலிபன் பிஸ்கற் பெட்டிகளில் இரண்டு வெறுமையாகக் கிடந்தன.

இந்தத் தாய் யாரிடமும் முறையிடவில்லை. எம்மவரின் மூத்த தலைமுறையினர் முறையிட மாட்டார்கள். பிள்ளைகள் பணம் செலவழித்து அழைத்திருக்கிறார்கள், அவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்கக்கூடாது என்பது அவர்களின் எண்ணம். 'பசியில்லை' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் கெட்டவர்களும் அல்லர். அவர்கள் தமது சொந்தப் பசியை அளவுகோலாக வைத்து உணவகத்தைத் தெரிவு செய்தனர், அவ்வளவுதான்.

அங்காடி நிலையம் தரும் பாடம்

விடையும் அதே சிங்கப்பூரிலேயே இருந்தது. அந்நாட்டின் அங்காடி உணவு நிலையங்கள் சுற்றுலாக் கவர்ச்சிக்காக உருவானவை அல்ல. தெருவோரங்களில் உணவு விற்றவர்களை 1968, 1969ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் பதிவு செய்தது. 1971 தொடக்கம் 1986 வரையிலான காலத்தில், குழாய்நீர், மின்சாரம், கழிவகற்றல் ஆகிய வசதிகளுடன் கூரையிட்ட நிலையங்களைக் கட்டி அவர்களை அங்கு குடியமர்த்தியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எமது விடயத்துக்கு முக்கியமானது அதன் அமைப்பு. நடுவில் பொதுவான மேசைகள். சுற்றிலும் தனித்தனிக் கடைகள். சீனர், மலாய்க்காரர், தமிழர், வட இந்தியர் என ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு, தனிச் சட்டி. எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து உண்ணலாம். ஓர் உணவகத்தில் ஆறு பேர் அமர்ந்தால் ஒரு சமையலறைக்கு ஆறு பேரும் இணங்கவேண்டும். இங்கு அந்த இணக்கம் தேவையில்லை. சேர்ந்து உண்பதற்கு ஒரே உணவை உண்ணவேண்டும் என்ற நிபந்தனையை இந்த அமைப்பு நீக்கிவிடுகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் பொருத்தமானது லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையம். இப்போதுள்ள கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. பழைய சந்தை கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்ற மலாய்ப் பெயரால் அழைக்கப்பட்டது. அப்பகுதியில் முன்னர் கால்நடைத் தொழில் நடந்ததன் நினைவு அது. கீழ்த்தளத்தில் ஒரு புறம் மரக்கறி, மீன், இறைச்சிச் சந்தை. மறு புறம் உணவுக் கடைகள். தோசை, புரோட்டா, பிரியாணி விற்கும் கடைகளுக்குச் சில அடி தூரத்தில் சீனக் கடைகள். நான் குறிப்பிட்ட குடும்பம் ஐந்தாம் நாள் இங்குதான் சென்றது. தாய் தோசைக் கடைக்குத் தானே நடந்துசென்று, தமிழில் கேட்டு, தமிழில் விலை விசாரித்து வாங்கினார். அந்தப் பயணத்தில் அவர் பிறர் துணையின்றிச் செய்த முதற் காரியம் அது என மகள் பின்னர் என்னிடம் கூறினார். பேரன் புரோட்டாவைச் சீனி தொட்டு உண்டான். மகனுக்கு ஆட்டிறைச்சிப் பிரியாணி கிடைத்தது. எல்லோரும் ஒரே மேசையில் ஒன்றரை மணிநேரம் இருந்தனர்.

கவனிக்க வேண்டியவை

அங்காடி நிலையத்துக்குச் சென்றுவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் கூறிவிட முடியாது. மரக்கறி போலத் தோன்றுபவை பல அங்கு மரக்கறி அல்ல. ஹைனான் கோழிச் சோற்றுக் கடையில் கோழியைத் தவிர்த்துச் சோற்றை மட்டும் வாங்கினாலும், அந்தச் சோறு கோழிக் கொழுப்பிலும் கோழிச் சாற்றிலும் வேகவைக்கப்பட்டது. லக்சாக் குழம்பில் உலர்ந்த இறால் அரைத்துச் சேர்க்கப்படும். கீரை வறுவலில் பெலச்சான் என்ற இறால் பசை இருக்கும். பழங்களும் மரக்கறிகளும் கலந்த ரொஜாக்கிலும் இறால் பசை உண்டு. பல சீனக் கடைகளில் மரக்கறியை சிப்பிச் சாறு ஊற்றியே வதக்குவார்கள். புரோட்டாவுடன் தரும் குழம்பு மீன் குழம்பாகவோ ஆட்டுக் குழம்பாகவோ இருக்கக்கூடும். பருப்புக் கறி வேண்டுமென முன்கூட்டியே கேட்க வேண்டும். காலை உணவுக்குப் பெயர்பெற்ற 'காயா' தடவிய வாட்டிய பாண் பிள்ளைகளுக்குப் பிடித்தமானது. ஆனால் காயா என்பது தேங்காய்ப்பாலும் சீனியும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய களி என்பதை முட்டை உண்ணாதவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

எனவே "இது மரக்கறியா?" என்ற கேள்வி போதாது. இறைச்சித் துண்டு இல்லையென்றால் 'ஆம்' என்று பதில் வந்துவிடும். "இறால், மீன், முட்டை, கோழிச்சாறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பதே சரியான முறை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே எண்ணெயில் பலவற்றைப் பொரிக்கும் கடைகளை அவர்கள் தவிர்ப்பது நல்லது.

கடும் மரக்கறியாளர்களுக்கு எம்மவர் பலர் அறியாத ஒரு வழியும் உண்டு. சீன பௌத்தர்கள் நடத்தும் மரக்கறிக் கடைகளே அவை. அவர்களின் மரபில் வெங்காயம், உள்ளி ஆகியவையும் தவிர்க்கப்படுகின்றன. வாட்டர்லூ வீதியில் குவான் இம் ஆலயமும் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும் அருகருகே அமைந்துள்ளன. அந்தச் சுற்றாடலில் இவ்வாறான கடைகளைக் காணலாம். சீன நாட்காட்டியில் மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாட்களில் கூட்டம் அதிகம். ஒரு முன்னறிவித்தல் மட்டும்: சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் மீன், வாத்து ஆகியவற்றின் வடிவில் செய்த பதார்த்தங்கள் அங்கு பரிமாறப்படுவதுண்டு. வாழ்நாள் முழுவதும் மச்சம் தொடாத ஒருவருக்கு அந்தத் தோற்றமே அருவருப்பைத் தரலாம். முன்கூட்டியே சொல்லி வைப்பது நன்று.

வெப்பமும் இரைச்சலும் அங்காடி நிலையங்களின் குறைபாடுகள். பெரும்பாலானவற்றில் குளிரூட்டல் இல்லை. இருக்கைகள் பல முதுகு சாய முடியாதவை. மதியம் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் அலுவலகப் பணியாளர்களால் இடம் நிரம்பிவிடும். பதினொன்றரைக்குச் சென்றால் முதியவர்களும் பிள்ளைகளும் ஆறுதலாக உண்ணலாம். மேசையில் கைதுடைக்கும் தாள் பொதி ஒன்று வைக்கப்பட்டிருந்தால் அந்த இடம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது எனப் பொருள். அதனை அகற்றிவிட்டு அமர்வது அநாகரிகம். 2021 செப்டெம்பர் முதல், உண்ட தட்டுகளை உரிய இடத்தில் திரும்ப வைப்பது அங்கு சட்டப்படி கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி இடம் உண்டு. இதனைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அவர்கள் விருப்பத்துடன் செய்வார்கள்.

வெப்பம் தாங்காத முதியவர் இருந்தால், கடைத்தொகுதிகளில் உள்ள குளிரூட்டப்பட்ட உணவுக் கூடங்கள் இதே அமைப்பைச் சற்றுக் கூடிய விலைக்குத் தருகின்றன. அமைதியாக அமர்ந்து உண்ண விரும்பும் நாளில், 1947 முதல் சிராங்கூன் வீதியில் இயங்கிவரும் கோமள விலாஸ் போன்ற மரக்கறி உணவகங்கள் உள்ளன. பெரிய உணவகத்துக்குத்தான் செல்வது என்றால் விலைப்பட்டியலில் உள்ள இரு கூட்டல் குறிகளைக் கவனியுங்கள். நூறு வெள்ளிக்கு உண்டால் பத்து சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து நூற்றிப்பத்து. அதன்மீது 2024 முதல் நடைமுறையில் உள்ள ஒன்பது சதவீத வரியும் சேர்ந்து 119 வெள்ளி 90 சதம். ஒரு பிள்ளை வெறும் சோறும், ஒரு தாய் உப்பும் உண்ணும் மேசைக்கு அந்தத் தொகையைச் செலுத்துவது வீண் செலவு.

இது பிள்ளைகளைக் கெடுப்பதாகாதா?

நான் கூறுவதற்கு எதிராக ஒரு வாதம் வலுவாக முன்வைக்கப்படும் என்பதை அறிவேன். "போட்டதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தெரிவு கொடுத்தால் பிள்ளை ஒருபோதும் புதிதாக எதையும் உண்ணாது" என்பதே அவ்வாதம். இதனைக் கூறுபவர்கள் பஞ்சத்தையும் பொருளாதாரத் தடையையும் கண்டவர்கள். கூப்பன் அரிசிக்கு நின்றவர்கள். உணவை மறுப்பது அவர்களுக்கு உணவை அவமதிப்பதாகத் தோன்றுவது இயல்பே. அவ்வுணர்வை நான் மதிக்கிறேன். ஆயினும் வற்புறுத்தல் பலன் தருவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

லீன் பேர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் இத்துறையில் பல தசாப்தங்கள் ஆய்வு செய்தவர். புதிய உணவொன்றைப் பிள்ளை திரும்பத் திரும்பக் காணவும் சுவைக்கவும் வாய்ப்புக் கிடைத்தால் விருப்பம் படிப்படியாக வளர்கிறது என்பதை அவரது 1980களின் ஆய்வுகள் காட்டின. ஒருமுறை, இருமுறை போதாது. எட்டு, பத்துத் தடவைகளோ அதற்கு மேலுமோ தேவைப்படலாம். அவர் பங்குகொண்ட 2006ஆம் ஆண்டு ஆய்வொன்றில், சூப்பைக் குடித்து முடிக்கும்படி வற்புறுத்தப்பட்ட பிள்ளைகள், வற்புறுத்தப்படாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தனர். அதனைப் பற்றிக் குறையும் கூறினர். எலின் சற்றர் என்ற உணவியலாளர் இதனை ஒரு பொறுப்புப் பிரிவாக வகுத்தார். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோரின் பொறுப்பு. எவ்வளவு உண்பது, உண்பதா இல்லையா என்பது பிள்ளையின் பொறுப்பு.

அங்காடி நிலையத்தின் மேசை இதற்கு மிகப் பொருத்தமான இடம். பிள்ளையின் முன் அதற்குத் தெரிந்த புரோட்டா இருக்கிறது. பக்கத்தில் மாமாவின் தட்டில் சாத்தே இருக்கிறது. அத்தையின் தட்டில் நூடில்ஸ் இருக்கிறது. வயிறு நிறையும் என்ற நம்பிக்கை உள்ள பிள்ளைதான் பக்கத்துத் தட்டை எட்டிப் பார்க்கும். "கொஞ்சம் தாங்கோ" என்று அது கேட்கும் நாளும் வரும். வராவிட்டாலும் பயணம் கெட்டுவிடவில்லை.

புதிய உணவைத் தேடும் ஆர்வலருக்கும் இதில் இழப்பு இல்லை. அவர் விரும்பும் கடை அதே கூரையின் கீழ் இருக்கிறது. நீண்ட வரிசையில் நிற்க விரும்பினால் அவர் தனியே நிற்கலாம், மற்றவர்கள் அமர்ந்திருப்பர். பயணத்தில் ஓர் இரவை ஒதுக்கி, விருப்பமுள்ள இருவர் மட்டும் அந்த நண்டு உணவகத்துக்குச் சென்று வருவதிலும் தவறில்லை. எல்லோரும் எல்லா வேளையும் ஒன்றாக உண்டே தீரவேண்டும் என்ற பிடிவாதமும் ஒருவகை வற்புறுத்தல்தான்.

என் முன்மொழிவு

சிங்கப்பூரை உதாரணமாக எடுத்தேன். ஆயினும் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய எந்தப் பெருநகருக்கும் இம்முறை பொருந்தும். புறப்படுவதற்கு முன்னரே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "என்ன விருப்பம்?" என்று கேட்காமல், "எதை உங்களால் சாப்பிட முடியாது?" என்று கேளுங்கள். முதியவர்களிடம் பிறர் முன்னிலையில் கேட்க வேண்டாம்; தொலைபேசியில் தனியாகக் கேளுங்கள். விரத நாட்களையும் மருந்து உட்கொள்ளும் நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரிவு மிகக் குறைந்தவருக்கு, தங்கும் விடுதியிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் நம்பகமான ஒரு கடையையாவது முதலில் கண்டுபிடியுங்கள். முடியுமானால் விடுதியையே அதற்கேற்பத் தெரிவு செய்யுங்கள். அதன் பின்னர் மற்றவர்களின் விருப்பங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வேளையிலும் ஒருவர் வெறும் சோறு உண்ணும் நிலை வருமானால், அந்த உணவகம் எத்தனை நட்சத்திரங்களை வைத்திருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதன்று.

பெற்றோர் முதுமை அடைகின்றனர். பிள்ளைகள் வளர்ந்து தம் வழியில் செல்கின்றனர். விமானக் கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. இவ்வாறான சந்திப்புகள் இன்னும் எத்தனை தடவை வாய்க்கும் என்று எந்தக் குடும்பத்தாலும் கூறமுடியாது. அடுத்த விடுமுறைக்கு உணவகப் பட்டியல் தயாரிப்பவர் யாராயினும், "எனக்குப் பசியில்லை" என்று சொல்லக்கூடியவர் எவர் என்பதை முதலில் யோசித்து, அவருடைய பெயரைப் பட்டியலின் தலைப்பில் எழுதட்டும். கடைகளின் பெயர்களை அதன் கீழே எழுதிக்கொள்ளலாம்.